நீர்த்துப்போன பங்க் அல்ல நியூ வேவ்

நியூ வேவ் என்பது 1970களின் நடுவில் நியூயார்க்கிலும் லண்டனிலும் கிளம்பி, பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் வேறு பெயர்களுக்குள் கரைந்துபோன ராக் இசைப் போக்கு. அதைப் பற்றி இன்று பரவலாக நிலவும் கருத்து ஏறக்குறைய இப்படி: பங்க் என்ற கோபக்கார இசை முதலில் வந்தது, அதைக் கண்டு மிரண்ட ரெக்கார்டு கம்பெனிகள் அதன் பல்லைப் பிடுங்கி, சின்தசைசரும் விநோதமான முடியலங்காரமும் சேர்த்து, நியூ வேவ் என்று பெயர் சூட்டி விற்றன, மானமுள்ள கலைஞர்கள் அந்தப் பக்கமே திரும்பாமல் போஸ்ட்-பங்க் என்ற தனிப் பாதையில் போனார்கள். கேட்கச் சுவையான கதைதான். நல்லவன், கெட்டவன், துரோகம் எல்லாம் இருக்கின்றன. தேதிகளையும் ஆட்களையும் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தால் மட்டும் நிற்க மறுக்கிறது.

பெயரை முதலில் பார்க்கலாம். ‘புதிய அலை’ என்பது 1950களின் இறுதியில் கோதார், த்ரூஃபோ போன்ற பிரெஞ்சு இயக்குநர்களின் படங்களுக்கு வழங்கிய பெயர். ஃபிலிம் சொசைட்டிகளின் புண்ணியத்தில் தமிழ் வாசகர்களுக்கும் பழக்கமானது. இசைக்கு அந்தப் பெயரை நிக் கென்ட், டேவ் மார்ஷ் போன்ற விமர்சகர்கள் 1970களின் தொடக்கத்திலேயே நியூயார்க் டால்ஸ் போன்ற குழுக்களுக்காக எடுத்தாண்டார்கள். 1976இல் லண்டனில் செக்ஸ் பிஸ்டல்ஸ் குழுவின் மேலாளர் மால்கம் மெக்லாரனும் அந்தச் சொல்லைத் தூக்கிப் பிடித்தார். அதே ஆண்டு நவம்பரில் மெலடி மேக்கர் பத்திரிகையில் கேரலைன் கூன், அந்த வட்டத்தில் இருந்தும் அப்பட்டமான பங்க் என்று சொல்ல முடியாத குழுக்களைக் குறிக்க அதைப் பயன்படுத்தினார். பங்க் ரசிகர்கள் கையால் தயாரித்த ஸ்னிஃபின் க்ளூ இதழிலும் இந்தச் சொல் புழங்கியது. அன்று அது பங்க்கின் எதிரி இல்லை, கூடப் பிறந்தது.

கம்பெனிச் சதி என்ற வாதத்துக்கு ஆதாரமாகக் காட்டப்படுவது 1977 அக்டோபர். சைர் நிறுவனத்தை நடத்திய சீமோர் ஸ்டைன், தம் குழுக்களைப் பங்க் என்று அழைக்காதீர்கள் என்று விளம்பரப் பிரசாரமே நடத்தினார். அமெரிக்க வானொலி நிலையங்கள் பங்க் என்ற பெயரைக் கேட்டாலே கதவைச் சாத்தின; அதற்கு வியாபாரி கண்ட வழி அது. பிரசாரம் நடந்தது உண்மை. ஆனால் ஸ்டைன் ஓராண்டுக்கு முன்பே பத்திரிகைகளில் புழங்கிய சொல்லைக் கடன் வாங்கினாரே தவிர, உருவாக்கவில்லை. அந்தப் பெயரில் அவர் விற்க முயன்ற சரக்கையும் பார்க்க வேண்டும்: ராமோன்ஸ், டெட் பாய்ஸ், டாக்கிங் ஹெட்ஸ். டெட் பாய்ஸைப் பல் பிடுங்கப்பட்ட குழு என்று சொல்பவர் அவர்கள் பாட்டு ஒன்றையும் கேட்டிருக்க மாட்டார். 1977இல் வெர்டிகோ வெளியிட்ட தொகுப்பு இசைத்தட்டின் தலைப்பே ‘நியூ வேவ்’. அதில் ராமோன்ஸும் டேம்ன்ட் குழுவும் டாக்கிங் ஹெட்ஸும் ஒரே உறைக்குள் இருக்கிறார்கள். முதலில் பங்க், பிறகு அதன் மலிவுப் பதிப்பு என்ற வரிசை அந்த ஆண்டில் யாருக்கும் தெரியாது.

பெயரை விட்டுவிட்டு இசை உருவான இடத்துக்குப் போனால் விஷயம் இன்னும் தெளிவாகிறது. வடக்கு லண்டனில் பாத்வே என்றொரு பதிவுக்கூடம் இருந்தது. நெருக்கடியான சிறிய அறை. எட்டு டிராக் இயந்திரம் ஒன்று. பெரிய கூடங்களில் இருபத்து நான்கு டிராக் சாதாரணமாகிவிட்ட காலம் அது. அங்கே 1976இல் டேம்ன்ட் குழு ‘நியூ ரோஸ்’ பாட்டைப் பதிவு செய்தது. அக்டோபர் 22 அன்று வெளியான அதுவே பிரிட்டனின் முதல் பங்க் சிங்கிள் என்று வரலாற்று நூல்கள் குறிக்கின்றன. தயாரிப்பாளர் நிக் லோ. வெளியிட்ட நிறுவனம் ஸ்டிஃப் ரெக்கார்ட்ஸ். டேவ் ராபின்சனும் ஜேக் ரிவியராவும் அதே ஆண்டு, டாக்டர் ஃபீல்குட் குழுப் பாடகர் லீ பிரில்லோவிடம் 400 பவுண்டு கைமாற்று வாங்கித் தொடங்கியது. சில மாதங்களுக்குள் அதே அறையில், அதே நிக் லோவின் தயாரிப்பில், அதே ஸ்டிஃப் நிறுவனத்துக்காக, அழகுசாதன நிறுவனமொன்றில் கணினி இயக்கிக்கொண்டிருந்த இளைஞர் ஒருவர் தம் முதல் ஆல்பத்தைப் பாடி முடித்தார். அவர் எல்விஸ் காஸ்டெல்லோ. ‘மை எய்ம் இஸ் ட்ரூ’ 1977 ஜூலையில் வந்தது. இன்றுவரை நியூ வேவின் முதல் வரிசைத் தட்டுகளில் ஒன்றாகச் சொல்லப்படுகிறது. அறை ஒன்று, தயாரிப்பாளர் ஒருவர், கம்பெனி ஒன்று. ஒன்று புரட்சி, மற்றது அதன் வணிகச் சமரசம் என்று பிரிக்க எந்தச் சுவரில் கோடு போடுவது?

கூடம் ஒன்றானால் இசை ஒன்றாகிவிடுமா என்று கேட்கலாம். ஆகாது. 1977இல் அதே பாத்வேயில்தான் டயர் ஸ்ட்ரெய்ட்ஸ் குழுவும் ‘சுல்தான்ஸ் ஆஃப் ஸ்விங்’ பாட்டின் முதல் வடிவத்தைப் பதிவு செய்தது. ஆனால் அதை நியூ வேவ் என்று சொல்ல யாருக்கும் நா எழாது. ஏன் என்று கேட்டுப் பார்த்தால் நியூ வேவுக்கான இலக்கணமே கிடைத்துவிடுகிறது. அக்குழுவின் மார்க் நாஃப்ளர் எழுதிய அந்தப் பாட்டில் கிட்டார்தான் கதாநாயகன்; ஒவ்வொரு அடிக்கும் இடையில் புகுந்து பதில் பேசுகிறது, கடைசியில் பாட்டையே கையில் எடுத்துக்கொண்டு, தனி வாசிப்பாக ஓடி மறைகிறது. ‘நியூ ரோஸ்’ மூன்று நிமிடத்துக்குள் முடிந்துவிடுகிறது. காஸ்டெல்லோவின் ‘மிஸ்டரி டான்ஸ்’ இரண்டு நிமிடத்தைக்கூடத் தொடவில்லை. இரண்டிலும் கிட்டார் தாளத்துக்கு வேலை செய்கிறது. மேடையின் நடுவில் நின்று தன் திறமையைக் காட்ட அதற்கு அனுமதி இல்லை.

நியூ வேவை அதில் இருக்கும் கருவிகளைக் கொண்டு வரையறுக்க முயன்றவர்கள் தோற்றதற்குக் காரணம் இதுதான். அது எதை விலக்கியது என்பதில்தான் அதன் அடையாளம் இருக்கிறது. 1973இல் யெஸ் குழு வெளியிட்ட ‘டேல்ஸ் ஃப்ரம் டோப்போகிராஃபிக் ஓஷன்ஸ்’ இரட்டைத் தட்டில் மொத்தம் நான்கே பாட்டு, பக்கத்துக்கு ஒன்று. 1976 ஏப்ரலில் வந்த ராமோன்ஸின் முதல் தட்டில் பதினான்கு பாட்டு, அரைமணி நேரத்துக்குள். செலவு 6,400 டாலர். ப்ளூஸ் இசையிலிருந்து வந்த வளைத்து இழுக்கும் கிட்டார் தனி, நீண்ட வாத்திய விரிவு, உணர்ச்சி பொங்கத் தொண்டை கிழியும் குரல், காவியக் கதைகள் இவை வெளியே போயின. விறைப்பான வேகத் தாளம், வெட்டி வெட்டி அடிக்கும் கிட்டார், கொஞ்சம் பதற்றமும் கொஞ்சம் கேலியும் கலந்த குரல் ஆகியவை மிஞ்சின. யாப்பை விட்டதால் அடையாளம் பெற்ற புதுக்கவிதைக்குள் ‘எழுத்து’ கவிஞர்களும் ‘வானம்பாடி’ கவிஞர்களும் சேர்ந்து இருப்பது போலத்தான், இந்த விலக்கலை ஏற்றுக்கொண்ட யாரும் உள்ளே வரலாம். டெலிவிஷன் குழுவின் ‘மார்க்கீ மூன்’ பத்து நிமிடம் ஓடுகிறதே, அதில் கிட்டார் தனியும் உண்டே என்று ஒருவர் மறித்துக் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. ஆனால் அக்குழுவின் டாம் வெர்லேனின் வாசிப்பில் ப்ளூஸ் வாடை இல்லை; ஸ்வரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக நேராக ஏறுகின்றன, அழுவதில்லை. விதிவிலக்காகத் தோன்றும் அதுவும் விலக்கிய பட்டியலில் ஒன்றை விலக்கித்தான் வைத்திருக்கிறது.

சின்தசைசர்தான் நியூ வேவ் என்ற நம்பிக்கை இன்னும் ஆழமாக வேரோடியது. அதன் முதல் அலையில் சின்தசைசரைத் தேடினால் பெரும்பாலும் கிடைப்பது பழைய ஆர்கன். காஸ்டெல்லோவின் அட்ராக்‌ஷன்ஸ் குழுவில் ஸ்டீவ் நீவ் வாசித்தது வாக்ஸ் கான்டினென்டல். பிளாண்டியிலும், ஜார்ஜியா மாநிலத்து ஏதென்ஸ் நகரிலிருந்து வந்த பி-52ஸ் குழுவிலும் ஒலித்தது ஃபார்ஃபிசா. இரண்டும் 1960களில் பள்ளிக்கூடப் பையன்களின் குழுக்கள் வைத்திருந்த, தூக்கிச் செல்லத் தோதான மலிவு ஆர்கன்கள். எதிர்காலத்தின் ஓசை என்று இன்று நினைக்கப்படும் இசை, உண்மையில் பத்துப் பன்னிரண்டு வருடம் பின்னால் போய் அடகுக்கடைச் சரக்கை எடுத்து வந்தது. 1979இல் ஆறு வாரம் அமெரிக்கப் பட்டியலில் முதலிடத்தில் நின்ற நாக் குழுவின் ‘மை ஷரோனா’வில் கிட்டார், பேஸ், டிரம்ஸ் தவிர பெரிதாக எதுவும் இல்லை.

சின்தசைசர் வந்தபோதும் அது பங்க்கின் எதிர்முகாமிலிருந்து வரவில்லை. ஷெஃபீல்டைச் சேர்ந்த ஹ்யூமன் லீக் 1978இல் ‘பீயிங் பாயில்ட்’ என்ற முதல் சிங்கிளை வீட்டு உபயோக டேப் ரெக்கார்டரில் பதிவு செய்தது. கிட்டாரே இல்லை. வெளியிட்டது எடின்பரோவின் ஃபாஸ்ட் ப்ராடக்ட்; அதே ஆண்டில் கேங் ஆஃப் ஃபோர், மீகான்ஸ் என்ற கிட்டார் குழுக்களின் முதல் தட்டுகளையும் அதே நிறுவனம் வெளியிட்டது. மூன்று கார்டு தெரிந்தால் குழு தொடங்கு என்று சொன்ன படம் ஒன்று பங்க்கின் வேதவாக்காக இன்றும் காட்டப்படுகிறது (ஸ்னிஃபின் க்ளூவில் வந்தது என்று பலரும் எழுதுகிறார்கள், வந்தது சைட்பர்ன்ஸ் என்ற வேறொரு ரசிகர் இதழில்). அந்த வாதத்தை முழுதாக ஏற்றுக்கொண்டால், ஒற்றை விரலால் அழுத்தினாலே ஓசை எழும் சின்தசைசருக்கு மூன்று கார்டும் தேவையில்லை. கேரி நியூமனின் டியூப்வே ஆர்மி பங்க் குழுவாகத்தான் ஒப்பந்தம் பெற்றது. பதிவுக்கூடத்தில் யாரோ விட்டுவிட்டுப் போயிருந்த மினிமூக் சின்தசைசர் கண்ணில் பட்டது. அதன் ஓசை பிடித்துப்போனது. 1979 கோடையில் அவர் பாட்டு பிரிட்டனில் முதலிடத்தில் நின்றது. 1981இல் ஹ்யூமன் லீக்கின் ‘டேர்’ தட்டை லின் எல்.எம்-1 டிரம் இயந்திரத்தோடு வடிவமைத்த மார்ட்டின் ரஷென்ட், அதற்கு முன் ஸ்ட்ராங்லர்ஸ், பஸ்காக்ஸ் குழுக்களின் முதல் ஆல்பங்களைத் தயாரித்தவர். பங்க் ஒருபுறம், சின்த்பாப் மறுபுறம் என்று கோடு போட்டால் அது இந்த மனிதரின் நடுவே ஓடும்.

இவ்வளவும் இருக்க, நியூ வேவ் என்றதும் சின்தசைசர் நினைவுக்கு வருவது எப்படி? அது அமெரிக்கத் தொலைக்காட்சியின் கைவேலை. எம்.டி.வி. 1981 ஆகஸ்ட் 1 அன்று ஒளிபரப்பைத் தொடங்கியது. இருபத்து நான்கு மணி நேரமும் பாட்டுப் படம் காட்ட வேண்டும். அமெரிக்க ராக் குழுக்களிடம் படங்கள் போதுமான அளவு இல்லை. பிரிட்டிஷ் குழுக்களிடம் இருந்தன. காட்டிய முதல் படமே பக்கிள்ஸ் என்ற பிரிட்டிஷ் குழுவினுடையது. இரண்டே ஆண்டுகளில், 1983 ஜூலையில், அமெரிக்காவின் முதல் நாற்பது பாட்டுகளில் ஏறக்குறைய பாதி பிரிட்டனிலிருந்து வந்தவை. அவற்றை மொத்தமாக அழைக்க அமெரிக்கர்கள் கையில் இருந்த சொல் நியூ வேவ். பிரிட்டனிலோ அந்தச் சொல் அதற்குள் பழசாகிவிட்டது. அங்கே விமர்சகர்கள் நியூ பாப் என்று வேறு பெயருக்குப் போயிருந்தார்கள். ஒரு நாடு உபயோகித்துக் கழித்த சொல்லை இன்னொரு நாடு எடுத்து உடுத்திக்கொண்டது. இன்றைய பொதுக்கருத்து அந்த இரண்டாவது உடுப்பைத்தான் பிறந்தமேனி என்று நினைக்கிறது.

ட்யூரன் ட்யூரன் குழு 1982இல் ‘ஹங்ரி லைக் த வுல்ஃப்’, ‘சேவ் எ ப்ரேயர்’ பாட்டுகளை இலங்கையில் படம்பிடித்தது. சிகிரியாப் பாறையும் யானைகளும் பின்னணிச் சீலையாக வந்துபோகின்றன. அடுத்த ஆண்டு ஜூலையில் அந்தத் தீவு எரிந்தது. படத்தில் இருந்தது வேறொரு தீவு என்றே கொள்ள வேண்டும். பளபளப்பு வெறுமையானது என்ற குற்றச்சாட்டு இந்த இடத்தில் பொருந்தும். அதை அப்படியே நியூ வேவ் முழுவதற்கும் நீட்டுவதுதான் பொருந்தாது. தலையில் சிவப்புப் பூந்தொட்டித் தொப்பியோடு கோமாளித்தனம் செய்ததாக நினைவுகூரப்படும் டெவோ குழுவின் ஜெரால்ட் கசேல், 1970 மே 4 அன்று கென்ட் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் தேசியக் காவற்படை நான்கு மாணவர்களைச் சுட்டுக் கொன்றபோது அங்கே மாணவராக இருந்தவர். மனித இனம் முன்னேறவில்லை, பின்னோக்கிப் போகிறது என்ற அக்குழுவின் கோட்பாட்டுக்கு அந்த நாள் தூண்டுகோல். இதைப் பல் பிடுங்கிய பங்க் என்பவர் சிரிப்பைக் கோபத்தின் வடிவமாகப் பார்க்கத் தெரியாதவர்.

போஸ்ட்-பங்க் என்ற பிரிவுக்கு வருவோம். இந்தச் சொல்லும் பழையதுதான். 1977 நவம்பரில் சவுண்ட்ஸ் பத்திரிகையில் ஜான் சாவேஜ் அதைப் பயன்படுத்தினார். ஆனால் போஸ்ட்-பங்க் கலை, நியூ வேவ் வணிகம் என்று இரண்டு வீடாகப் பாகம் பிரித்தது பிற்காலத்து விமர்சனம். 1978இலோ 1979இலோ எக்ஸ்.டி.சி., மேகசின், டாக்கிங் ஹெட்ஸ் ஆகிய குழுக்களை நியூ வேவ் என்று எழுதிய பத்திரிகையாளர் அவர்களை இகழவில்லை. சைமன் ரெனால்ட்ஸ் 2005இல் எழுதிய ‘ரிப் இட் அப் அண்ட் ஸ்டார்ட் அகெய்ன்’ இந்தப் பிரிவினைக்கு ஆதார நூலாகக் காட்டப்படுகிறது. அந்த நூலே 1984 வரை நீண்டு, ஹ்யூமன் லீக்கையும் நியூ பாப்பையும் உள்ளே சேர்த்துக்கொள்கிறது. கோட்டைச் சொந்தக்காரரே கதவைத் திறந்துவைத்திருக்கும்போது வெளியே நிற்பவர்கள் காவல் காப்பது வேடிக்கை.

வணிகம் என்ற அளவுகோலும் கையில் எடுத்தவரையே குத்துகிறது. மார்க்சியம் பேசிய, போஸ்ட்-பங்க்கின் கறாரான முகமாகக் கருதப்படும் கேங் ஆஃப் ஃபோர், 1979இல் ‘என்டர்டெய்ன்மென்ட்!’ தட்டை வெளியிட்டது ஈ.எம்.ஐ. என்ற மாபெரும் நிறுவனத்தில். வயர் குழு இருந்தது பிங்க் ஃப்ளாய்டுக்குப் பெயர்போன ஹார்வெஸ்டில், அதுவும் ஈ.எம்.ஐ.யின் கிளைதான். இலேசான விளையாட்டு இசை என்று ஒதுக்கப்படும் பி-52ஸின் ‘ராக் லாப்ஸ்டர்’ 1978இல் முதலில் வந்தது அட்லாண்டாவின் சின்னஞ்சிறு டி.பி. ரெக்கார்ட்ஸில். டெவோ தன் முதல் சிங்கிளைச் சொந்தமாக அச்சிட்டு வெளியிட்டது. பெரிய கம்பெனி இருந்த இடத்தில் கலையும், கைக்காசு இருந்த இடத்தில் வணிகமும் இருந்ததாக அல்லவா கணக்கு வருகிறது!

இசையின் உள்ளே போனாலும் பிரிவு நிற்கவில்லை. பஸ்காக்ஸை விட்டு 1977 தொடக்கத்தில் விலகிய ஹாவர்ட் டெவோட்டோ, மேகசின் குழுவைத் தொடங்கி ‘ஷாட் பை போத் சைட்ஸ்’ பாட்டை 1978 ஜனவரியில் வெளியிட்டார். அதன் ஏறுமுகக் கிட்டார் வரிசை பழைய தோழர் பீட் ஷெல்லி கொடுத்தது. ஷெல்லி அதே வரிசையைத் தம் ‘லிப்ஸ்டிக்’ பாட்டிலும் வைத்து, அதே ஆண்டு பஸ்காக்ஸ் சிங்கிளின் பின்பக்கத்தில் வெளியிட்டார். ஒரே வரிசை டெவோட்டோவிடம் போனால் போஸ்ட்-பங்க் ஆகிறது, ஷெல்லியிடம் தங்கினால் பாப்-பங்க் ஆகிறது. காதுக்கு அந்த வித்தியாசம் தெரியாது. அலமாரியில் அடுக்குபவருக்குத்தான் தெரியும்.

விலைபோனவர்கள் என்ற பழி அதிகமாக விழுந்தது பிளாண்டி மீது. காரணம் டிஸ்கோ. 1978இன் ‘பேரலல் லைன்ஸ்’ தட்டில் ‘ஹார்ட் ஆஃப் கிளாஸ்’ இருந்தது, ரோலண்ட் சி.ஆர்-78 தாளப் பெட்டி துடிக்க, 1979இல் அட்லாண்டிக்கின் இரு கரையிலும் முதலிடம் பிடித்தது. பங்க் கூடாரத்தில் கொந்தளிப்பு. ஆனால் அந்தப் பாட்டின் முதல் வடிவம், குழுவினரே டிஸ்கோ பாட்டு என்று செல்லமாக அழைத்தது, நியூயார்க்கின் சி.பி.ஜி.பி. கிளப்பில் வாசித்த காலத்திலேயே, யாரும் அவர்களைச் சீந்தாதபோதே அவர்களிடம் இருந்தது. அதே 1979 ஜூலை 12 அன்று சிகாகோவின் கொமிஸ்கி பார்க் மைதானத்தில் ராக் ரசிகர்கள் டிஸ்கோ தட்டுகளை வெடிவைத்துத் தகர்த்தார்கள். கறுப்பர்களும் தன்பாலினத்தவரும் வளர்த்த ஆட்ட இசையின் மீது வெள்ளை ராக் உலகம் காட்டிய வெறுப்பு அதில் பச்சையாகத் தெரிந்தது. அந்த வேளையில் டிஸ்கோவை, ரெகேயை, ஃபங்க்கைத் தயங்காமல் உள்ளே அழைத்த வெள்ளை ராக் இசை எது என்றால், சமரசம் என்று ஏசப்பட்ட இதுதான். தி போலீஸ் ரெகேயை எடுத்தது. டாக்கிங் ஹெட்ஸ் 1980இன் ‘ரிமெய்ன் இன் லைட்’ தட்டில் நைஜீரியாவின் ஃபேலா குட்டியிடம் பாடம் கேட்டது. கவென்ட்ரியின் டூ டோன் குழுக்களில் கறுப்பரும் வெள்ளையரும் ஒரே மேடையில் ஜமைக்காவின் ஸ்காவை வாசித்தார்கள். அவற்றில் ஒன்றான ஸ்பெஷல்ஸின் ‘கோஸ்ட் டவுன்’ 1981 ஜூலையில் பிரிட்டிஷ் நகரங்களில் கலவரம் நடந்துகொண்டிருந்தபோது முதலிடத்தில் இருந்தது.

உறவு வகைகளைச் சுருக்கமாகவே சொல்லலாம். பவர் பாப் என்பது 1960களின் மெட்டழகை இந்த விறைப்போடு சேர்த்தது. நியூ ரொமான்டிக் முதலில் ஓர் உடைப் பித்து. லண்டன் கவென்ட் கார்டனின் பிளிட்ஸ் கிளப்பில் ஸ்டீவ் ஸ்ட்ரேஞ்ச் வாசலில் நின்று உடை பார்த்து ஆள் அனுப்பிய செவ்வாய் இரவுகளில் பிறந்தது. சின்த்பாப்போடு அது ஒட்டிக்கொண்டது காலத்தின் தற்செயல். நோ வேவ், பெயரிலேயே நியூ வேவைக் கேலி செய்தது. பிரையன் ஈனோ 1978இல் தயாரித்த ‘நோ நியூயார்க்’ தட்டின் நான்கு குழுக்கள் மெட்டையும் விலக்கிவிட்டன. விலக்கலைக் கடைசிவரை கொண்டுபோனால் எங்கே போய் நிற்கும் என்பதற்கு அதுவே பதில். ஜெர்மனியில் நாய டாய்ச்ச வெல்ல, அதாவது புதிய ஜெர்மன் அலை, ஆங்கிலத்தை விட்டு ஜெர்மன் மொழியிலேயே பாடியது; டி.ஏ.எஃப். குழுவின் இரும்புத் தாளமும் நேனாவின் பலூன் பாட்டும் அந்த ஒரே கூரையின் கீழ்.

இத்தனை பேரையும் ஏற்கும் பெயர் எதையுமே குறிக்காது என்பது கடைசியாக எஞ்சும் ஆட்சேபம். ஒலியை மட்டும் வைத்து வகை பிரிப்பவருக்கு அது குறிக்காதுதான். எந்த ஆண்டு, எந்த ஊர், யார் தயாரிப்பு, எதை விட்டுவிட்டார்கள் என்று கேட்பவருக்கு அது துல்லியமாகவே குறிக்கிறது. 1977 லண்டனில் சொன்ன நியூ வேவும் 1983 லாஸ் ஏஞ்சலஸில் சொன்னதும் வேறு வேறு. இரண்டையும் கலந்துவிட்டு, சொல் குழப்புகிறது என்று புகார் சொல்வதில் பொருளில்லை.

சூசி சூ முதன்முதலாக மேடையேறியது 1976 செப்டம்பரில், லண்டன் 100 கிளப்பில் நடந்த பங்க் விழாவில். சிட் விஷஸ் டிரம்ஸ் அடித்தார். பாட்டு எதுவும் தயாராக இல்லாததால், கிறித்தவ ஜெபமொன்றை எடுத்து இருபது நிமிடம் போல இழுத்தார்கள். அவருடைய பன்ஷீஸ் குழுவை அன்று பங்க் என்றார்கள். பிறகு போஸ்ட்-பங்க், அமெரிக்காவில் நியூ வேவ், கறுப்பு உடையைப் பார்த்துக் கோத். 1988 செப்டம்பரில் பில்போர்டு பத்திரிகை, நியூ வேவ் என்ற பெயர் செல்லாக்காசாகிவிட்ட நிலையில், இந்த இசை மரபுக்கென்று மாடர்ன் ராக் என்ற புதுப் பட்டியலைத் தொடங்கியது. அதன் முதல் வாரத்தில் முதலிடத்தில் இருந்த பாட்டு ‘பீக்-எ-பூ’. பாடியது சூசி அண்ட் த பன்ஷீஸ்.